தேயிலை லாரியில் வந்த மாத்திரை

மருதமலை முருகன் துணை

சிங்காநல்லூர்,
3-6-1996.

ஜோவிதா அவர்களுக்கு,

நான் நஞ்சப்பனின் மனைவி அன்புக்கரசி. தேயிலை லாரி ஓட்டும் நஞ்சப்பன்தான். வேறு யாரோ என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பெயரையும், நீங்கள் எஸ்டேட்டில் மூன்றாவது லைன் வீடுகளில் இருப்பதையும், அதே லாரியில் மாற்று டிரைவராக வரும் நாகூர் மீரான் சொன்னார். அவரைக் கோபிக்காதீர்கள். நான் கேட்ட விதத்தில் கேட்டால் யாரும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சண்டை போட எழுதவில்லை. சண்டை போட வேண்டிய ஆள் என் வீட்டிலேயே இருக்கிறார்.

இங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் என் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். சீட்டில் சிபிலிஸ் என்று எழுதியிருக்கிறது. ஊரில் மேகநோய் என்பார்கள், பொம்பளைச் சீக்கு என்றும் சொல்வார்கள். எனக்கு அவரைத் தவிர வேறு ஆண் கிடையாது. அவரிடமிருந்து எனக்கு வந்திருக்கிறது. அவருக்கு உங்களிடமிருந்து வந்ததா, உங்களுக்கு அவரிடமிருந்து வந்ததா என்பதை டாக்டரம்மா கேட்கவே இல்லை. "யாரு யாருக்குக் குடுத்தாங்கங்கற பஞ்சாயத்து எனக்கு வேண்டாங்க. மூணு பேருக்கும் மருந்து போகோணும். ஒருத்தர் உட்டுப்போட்டாலும் மறுபடி சுத்தி வந்துரும்" என்றார்.

புண் வலிக்காதாம். தானாக ஆறிவிடுமாம். ஆறினாலும் ரத்தத்தில் இருக்குமாம். அதனால் உடம்பில் ஒன்றும் இல்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

எனக்கு ஊசி போட ஆரம்பித்துவிட்டார்கள். அவர் வர மறுக்கிறார். "எனக்கென்ன ஆச்சு? வண்டி இன்ஜின் சூடு. எண்ணெய் தேச்சுக் குளிச்சாப் போயிரும்" என்கிறார். நீங்களும் அவ்வளவு தூரம் இறங்கி வரமாட்டீர்கள் என்று நினைத்து, உங்களுக்காக மாத்திரை கேட்டு வாங்கினேன். மீரானிடம் கொடுத்தனுப்புகிறேன். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பிட்ட பிறகு. பாதியில் நிறுத்தக் கூடாதாம்.

இதற்கு மேல் உங்களிடம் எனக்கு ஒரு வேலையும் இல்லைங்க.

அன்புக்கரசி


சேசு மரி சூசை

வால்பாறை,
10-6-96.

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை ஜோவிதா எழுதிக்கொண்டது. உங்கள் கடிதமும் பொட்டலமும் கிடைத்தன. இவ்வளவு நாளும் உங்களை வேறு மாதிரி நினைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் யானை அடித்து இறந்து நான்கு வருடம் ஆகிறது. நஞ்சப்பன் பழகிய இரண்டு வருடத்தில் நான் முதலில் கேட்டதே உங்களைப் பற்றித்தான். "அன்புக்கரசிக்கு ரெண்டு புள்ளையும் நிக்கல. அவளேதான் என்னைய இன்னொருத்தியப் பாத்துக்கச் சொல்லிப்போட்டா. மனசாரச் சம்மதிச்சுட்டா கண்ணு" என்றார். அம்மன் கோயிலிலும் கட்டவில்லை, மாதா கோயிலிலும் கட்டவில்லை. உங்கள் சம்மதத்தைத்தான் கல்யாணம் என்று வைத்துக்கொண்டேன்.

அக்கா, எனக்கு இது ஐந்தாம் மாதம். உங்களுக்குத் தெரியும் என்றுதான் அவர் சொன்னார். தெரிந்ததால்தான் மாத்திரை அனுப்பினீர்களா?

அடுத்த வீட்டுச் சூசைமேரியிடம் காட்டினேன். "மூத்தவ குடுத்தனுப்புன மாத்திரையவா முழுங்கப் போறே? கலைக்கிற மாத்திரைடி இது" என்றாள். நீங்கள் மரியாதையாக எழுதியிருக்கிறீர்களே என்று சொன்னேன். அதற்கு அவள், "கோயம்புத்தூர்க்காரங்க கழுத்த அறுக்கையிலயும் 'வலிக்குதுங்களா'ன்னு கேட்டுட்டுத்தான் அறுப்பாங்க" என்றாள்.

நான் மாத்திரையைத் தொடவில்லை. தொடவும் மாட்டேன். சம்மதம் கொடுத்துவிட்டு இப்போது மனது மாறியிருந்தால் நேராகச் சொல்லுங்கள். வயிற்றில் இருப்பது உங்களுக்கு என்ன செய்தது?

தங்கை,
ஜோவிதா


தந்தி
சிங்காநல்லூர், 13-6-96

மாத்திரை தொடாதே. கடிதம் வருகிறது. அன்புக்கரசி.


சிங்காநல்லூர்,
13-6-1996.

ஜோவிதா அவர்களுக்கு,

தந்தி கொடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். தந்தியில் மரியாதைக்கு இடம் இல்லை.

முதலில் ஒன்று. என்னை அக்கா என்று எழுத வேண்டாம். எங்கள் பக்கத்தில் இரண்டாவதாக வந்தவள் மூத்தவளைக் கூப்பிடுகிற பெயர் அது. அந்த ஒரு சொல்லைப் படித்ததும் உங்கள் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். மறுபடி எடுக்க ஒரு பொழுது ஆயிற்று. நான் யாருக்கும் சம்மதம் கொடுக்கவில்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை. உங்கள் வயிற்றில் பிள்ளை இருப்பதை உங்கள் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். அவரைக் கேட்டால் "ஆமா, அதுக்கென்ன இப்ப" என்றார். வெளியே போகச் சொன்னேன். லாரி ஆபீஸில் படுத்துக்கொள்கிறார்.

அடுத்தது இன்னும் முக்கியம். உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் படிக்கவில்லை, ஐந்தாம் மாதம் என்று நான் சொன்னதுமே எழுந்துவிட்டார். "அந்த மாத்திரையச் சாப்புட்டாங்களா?" என்றார். இல்லை என்றேன். உட்கார்ந்தார்.

மாத்திரை வாங்கின அன்றைக்கு அவர் என்னைக் கேட்டிருந்தார்: "அந்தப் பொண்ணு முழுகாம இருக்காங்களா? இருந்தா இதைக் குடுக்கக் கூடாதுங்க, நேர்ல வரச் சொல்லுங்க." உங்களை நான் பார்த்ததில்லை. கைம்பெண், அவளுக்கு எங்கிருந்து பிள்ளை என்று நினைத்துக்கொண்டு, உங்களுக்குப் பதிலாக நானே "இல்லைங்க" என்று சொல்லிவிட்டேன். அந்த மாத்திரை கலைக்கிற மாத்திரை இல்லை. ஆனால் வயிற்றுப் பிள்ளையின் பல்லையும் எலும்பையும் கெடுக்குமாம். பிள்ளைக்குப் போன நோயையும் அது தீர்க்காதாம். என்மேல் சந்தேகப்பட்டீர்கள். நல்லதாகப் போயிற்று.

கர்ப்பிணிக்குப் பென்சிலின் ஊசிதான். வாரத்துக்கு ஒன்றாக மூன்று. எவ்வளவு சீக்கிரம் போடுகிறீர்களோ அவ்வளவுக்குப் பிள்ளைக்கு நல்லது. இறங்கி வாருங்கள். டாக்டரம்மா பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புக்கரசி


வால்பாறை,
21-6-96.

அன்புக்கரசி அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடி அந்தச் சொல்லை எழுதவில்லை. நான் படித்த கான்வென்டில் மூத்தவர்கள் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவோம். அதற்குள் இவ்வளவு இருப்பது தெரியாது.

உங்கள் தந்தி எஸ்டேட் ஆபீசுக்கு வந்தது. இங்கே தந்தி என்றால் சாவு. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த எங்களைக் கங்காணி கத்திக் கூப்பிட்டார். மேடு ஏறுவதற்குள் பெண்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள், யாருக்கு என்று தெரியாமலே. கணக்குப்பிள்ளை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லோர் முன்னாலும் படித்தார்: "மாத்திரை தொடாதே." பிறகு என்னைப் பார்த்தார். "என்ன மாத்திரை?" என்றார். தலைவலி மாத்திரை என்றேன். "தலைவலி மாத்திரைக்குத் தந்தியா?" என்று ஒருத்தி சிரித்தாள். அன்றிலிருந்து தண்ணீர்க் குழாயடிக்குப் போனால் "தந்தி வந்திருச்சு, வழி உடுங்கடி" என்கிறார்கள்.

நான் வருவதாக இல்லை. நீங்களே யோசித்துப் பாருங்கள். முதலில் சாப்பிடுங்கள் என்றீர்கள். பிறகு தொடாதே என்றீர்கள். இப்போது ஊசி என்கிறீர்கள். நஞ்சப்பன் நேற்று வந்திருந்தார். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "பாத்தியா, மாத்திரைல முடியல, ஊசிக்குக் கூப்புடறா. ஆஸ்பத்திரிக்குள்ள போனீன்னா வயித்தக் கழுவித்தான் அனுப்புவாங்க. அவளுக்குப் புள்ள இல்ல, உனக்கும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றார். சம்மதம் பற்றிக் கேட்டேன். "பொம்பள வாயால சொன்னாத்தான் சம்மதமா?" என்றார். அதற்குப் பிறகு அவரை உள்ளே வர விடவில்லை. தின்பண்டம் வாங்கி வந்திருந்தார். வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கும் போக முடியாது. கம்பவுண்டர் வீடு எங்கள் லைனை ஒட்டித்தான் இருக்கிறது. என் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது ஊர் என்ன சொல்லும் என்றே இப்போது பயமாக இருக்கிறது. இதையும் சேர்த்துத் தாங்க முடியாது.

எனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. போன வருடம் ஒரு புண் வந்தது. தானாக ஆறிவிட்டது.

ஜோவிதா


சிங்காநல்லூர்,
25-6-1996.

ஜோவிதா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை மறுபடி படியுங்கள். பிறகு என் முதல் கடிதத்தையும் படியுங்கள்.

இதை யாருக்கும் எழுதுவேன் என்று நான் நினைத்ததில்லை.

என் முதல் பிள்ளை எட்டாம் மாதம் பிறந்தது. ஆண். அசைவு நின்றுபோயிற்று என்று நான் சொன்னபோது, அசதியாகத் தூங்குகிறது என்றார்கள். இறந்துதான் பிறந்தது. துணியில் சுற்றி, முகத்தை மட்டும் காட்டினார்கள். இரண்டாவது பெண். அவள் உயிரோடு பிறந்தாள். உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் உரிந்திருந்தது. வயிறு உப்பியிருந்தது. மூக்கு அடைத்து, பால் குடிக்க முடியாமல் அழுதாள். அழுகைகூட முழுதாக வரவில்லை. பெயர் வைக்கும் வரை இருக்கவில்லை. மாமியார் என்னைப் பழனிக்கும் மாசாணியம்மன் கோயிலுக்கும் அழைத்துப் போனார். ஜாதகம் பார்த்தார்கள். வீட்டு வாசலைத் திருப்பி வைத்தார்கள். இத்தனை வருடத்தில் யாரும் என் ரத்தத்தை எடுத்துப் பார்க்கவில்லை. அவரையும் யாரும் கேட்கவில்லை. போன மாதம் டாக்டரம்மாதான் எடுத்தார். சீட்டைப் பார்த்துவிட்டு, "உங்க ரெண்டு குழந்தையும் இதுனாலதான் போயிருக்கும்மா" என்றார்.

உங்கள் பிள்ளை எனக்கு என்ன செய்தது என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றும் செய்யவில்லை. அது பிறக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவதாக எழுதினால் பொய். உங்கள் வீட்டில் அவர் ஒரு பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. ஆனால் நான் பார்த்ததை நீங்கள் பார்க்கக் கூடாது. இரண்டும் உண்மைதான்.

என்னை நம்ப வேண்டாம். சிங்காநல்லூருக்கு வர வேண்டாம். டாக்டரம்மாவும் வேண்டாம். பொள்ளாச்சியில் பஸ் இறங்கி, உங்களுக்குப் பிடித்த ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எது என்று என்னிடம் சொல்லாதீர்கள். சூசைமேரியைக் கூட்டிக்கொள்ளுங்கள். கர்ப்பிணி என்று சொல்லி, வி.டி.ஆர்.எல். ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். என் பெயரையோ அவர் பெயரையோ சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஒன்றும் இல்லை என்று சொன்னால் என் கடிதங்களை அடுப்பில் போடுங்கள். இருக்கிறது என்றால் அன்றே ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

அன்புக்கரசி


வால்பாறை,
9-7-96.

அன்புக்கரசி அவர்களுக்கு,

இருக்கிறது என்றார்கள்.

சூசைமேரிதான் கூட வந்தாள். உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து போய், குடையை எடுத்துக்கொண்டு வந்தாள். "கெளம்பு" என்று மட்டும் சொன்னாள்.

ஊசி போட்ட சிஸ்டர் கோபக்காரி. "ஒன் புருசன் எங்க? அவனுக்கும் போடணும். போடாம அவன வீட்டுல சேத்தே, நான் போட்ட ஊசி தண்டம். மறுபடி ஒட்டிக்கிடும். பிள்ளைக்கும் போகும்" என்று சத்தம் போட்டார். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் கொஞ்சமாகக் கையில் குத்திப் பார்த்தார். பிறகு இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் போட்டார். திரும்பி வரும்போது மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பஸ் என்னை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தள்ளியது. சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியேதான் வந்தேன். சூசைமேரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மூணு வாரம் நீ நின்னுக்கிட்டே தூங்கப் போற" என்றாள். வீட்டுக்கு வந்ததும் காய்ச்சல் வந்தது. அது வரும் என்று சிஸ்டர் முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. இரண்டாவது ஊசியும் நேற்றுப் போட்டாயிற்று.

இப்போது ஒரு விஷயம் கேட்க வேண்டும். நஞ்சப்பன் இன்று வந்தார். தானும் ஊசி போட்டுக்கொண்டதாகச் சொன்னார். "சிங்காநல்லூர்ல அன்புக்கரசியே கூட்டிட்டுப் போயி போட்டு உட்டா. இனி பயமில்ல கண்ணு" என்றார். நம்பலாம் போலத்தான் இருந்தது. உங்களைப் பற்றி முதல் தடவையாக நல்லவிதமாகப் பேசினார். அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அடுத்த லோடுக்கு வரும்போது இரண்டு நாள் தங்குவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நீங்கள் கூட்டிக்கொண்டு போனீர்களா? ஆமாம் அல்லது இல்லை என்று எழுதினால் போதும்.

ஜோவிதா


சிங்காநல்லூர்,
12-7-1996.

ஜோவிதா அவர்களுக்கு,

இல்லை.

உங்கள் கடிதம் இன்று மதியத் தபாலில் வந்தது. அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் அவர் இங்கே வந்திருந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்தார். "வால்பாறை எஸ்டேட் ஆஸ்பத்திரியிலயே ஊசி போட்டுக்கிட்டேன் அம்மணி. ஜோவிதாதான் கூட்டிட்டுப் போனா. உன்ற டாக்டரம்மா மூஞ்சிய நான் எதுக்குப் பாக்கோணும்? இனி ஊட்டுக்குள்ள உடுவியா மாட்டியா?" என்றார். முகம் வாடியிருந்தது. நான் நம்பினேன். நொண்டுவதைப் பார்த்து, உட்கார முடியாதே என்று தலையணை எடுக்க உள்ளே போனேன். அப்போதுதான் தபால்காரர் கூப்பிட்டார்.

வாசலில் நின்று உங்கள் கடிதத்தைப் படித்தேன். முடித்துவிட்டு அவரிடம் அதை நீட்டினேன். அவர் படித்தார். "நீங்க ரெண்டு பேரும் கூட்டுச் சேந்துட்டீங்களா?" என்றார். திரும்பிப் போனார். போகும்போது நொண்டவில்லை.

அவருக்குப் பயம்தான். அந்த ஊசி போடுகிற அறை வாசலில் நின்றால் என்ன நோய் என்று பார்த்தவருக்கெல்லாம் தெரிந்துவிடும், லாரி ஆபீஸில் தலை காட்ட முடியாது என்று மீரானிடம் சொல்லியிருக்கிறார். நீங்கள் அந்த வரிசையில் நின்றீர்கள். நானும் நின்றேன்.

டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: அவருக்கு ஊசி போடும் வரை உங்களுக்கும் எனக்கும் போட்டது பாதி மருந்துதான். எனக்குப் பரவாயில்லை, என் வயிற்றில் யாரும் இல்லை. உங்களுக்கு இருக்கிறது. வருவார். அழுவார். பிள்ளைக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவருக்கு அதெல்லாம் நன்றாக வரும். அவர் வாயால் சொல்வது எதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கே போட்டது என்று கேளுங்கள். இங்கே என்றால் நான் போய் விசாரித்து எழுதுகிறேன். அங்கே என்றால் நீங்கள் விசாரித்து எழுதுங்கள்.

இதைச் சிநேகிதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் விஷயத்தில் உங்களுக்கும் எனக்கும் தீராத கணக்கு இருக்கிறது. அது பிறகு.

அன்புக்கரசி


வால்பாறை,
18-7-96.

அன்புக்கரசி அவர்களுக்கு,

மூன்றாவது ஊசியும் போட்டாயிற்று. அதே சிஸ்டர்தான். இந்தத் தடவை சத்தம் போடவில்லை. படுக்க வைத்து, வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். பிறந்த பிறகு குழந்தையின் ரத்தத்தையும் பார்க்க வேண்டுமாம். அதுவரை உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாதாம். ஆனால் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார். அதை என் காதில் மாட்டி என்னையும் கேட்க விட்டார். மழைக்காலத்தில் தகரக் கூரைமேல் தூறல் ஓடுகிற மாதிரி இருந்தது, அவ்வளவு வேகம். எனக்கு உங்களுடைய முதல் பிள்ளை ஞாபகம் வந்தது. எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

நஞ்சப்பன் இன்று காலையில் வந்தார். நீங்கள் எழுதியதுபோலவே எல்லாம் செய்தார். அழுதார். பிறகு, "போட்டுக்கிட்டேன், சத்தியமா, மாதா மேல ஆணையா" என்றார். எங்கே என்று கேட்டேன். பொள்ளாச்சி என்றார். யோசித்துத்தான் வந்திருக்கிறார். சிங்காநல்லூர் என்றால் உங்களிடம் கேட்பேன், வால்பாறை என்றால் இங்கேயே கேட்டுவிடுவேன். எந்த ஆஸ்பத்திரி, என்றைக்கு, எத்தனை ஊசி, எந்தக் கையில் முதலில் குத்திப் பார்த்தார்கள் என்று கேட்டேன். "கையிலயா? கையில எதுக்கு?" என்றார்.

சூசைமேரி பக்கத்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சிரித்த சிரிப்பில் லைனே வெளியே வந்துவிட்டது. நான் உள்ளே போய்த் தாழ் போட்டேன். இனி ஊருக்கு என்ன தெரிந்தால் என்ன? தந்தி வந்த அன்றைக்கே பாதி தெரிந்துபோனதுதான்.

ரொம்ப நேரம் வெளியே நின்றார். லோடு ஏற்ற நேரமாகிவிட்டது என்று மீரான் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். நஞ்சப்பன் நகரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "புள்ள எப்படி இருக்குதுன்னாவது சொல்லு" என்றார். குரல் உண்மையாகவே இருந்தது. என் கை தாழ்மேல்தான் இருந்தது. துடிப்பைக் கேட்டதைச் சொல்லியிருப்பேன். சொன்னால் தானும் காது வைத்துக் கேட்க வேண்டும் என்பார். நான் திறந்துவிடுவேன்.

"ஊசி போட்டுக்கிட்டு வந்து கேளுங்க" என்றேன்.

இந்தக் கடிதத்தை மீரானிடம் கொடுக்கிறேன். நஞ்சப்பனை ஏற்றிக்கொண்டு வருகிற லாரியிலேயே இதுவும் வருகிறது. மீரான் முதலில் இறங்கி உங்கள் கையில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். நஞ்சப்பன் இன்னும் ஊசி போட்டுக்கொள்ளவில்லை.

ஜோவிதா